மூன்று ஞாயிறும் ஒரே பாடம்

நம் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோயிலில் வேதம் வாசிக்கும்போது நாம் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் அந்த வித்தை நமக்கெல்லாம் கைவந்த கலை. மனசு மட்டும் முழங்கால் வலியையும், வாசலில் விட்ட செருப்பையும், மாடிவீட்டுக்காரர் மூடாமல் விட்ட தண்ணீர்க் குழாயையும் சுற்றிவரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும், இடுப்பு வலியால் கோயிலுக்கு வர முடியாத என் வீட்டுக்காரர், "இன்னைக்கு என்ன வாசிச்சாங்க?" என்று கேட்டார்.

"நல்ல பகுதி" என்றேன்.

"எதைப் பத்தி?"

"எல்லாம் ஆண்டவரைப் பத்திதான்" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போய்விட்டேன். போனபிறகு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. என் அத்தை உயிரோடு இருந்து இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் என்னை லேசில் விட்டிருக்க மாட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எழுத்து என்று ஒன்றைக்கூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மழைக்காலத்தில் எங்கள் கோயில் முழுவதையும் வேதம் கேட்க வைத்தவள் அவள்தான். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

நாங்கள் மந்தைவெளியில், கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் தூக்குகிற வேலை பார்த்தார். சந்து முனையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயில். சர்ச் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை, எங்களுக்கு அது கோயில்தான், பைபிள் வேதம்தான். ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம், பிள்ளைகள் முன்னால் பாயில். நீலப் பெயின்ட் அடித்த பெஞ்சுகள் மழைக்காலத்தில் ஒட்டும். பாயை விட்டுவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து எழுந்தால் பாவாடையின் பின்பக்கம் பெஞ்சு நிறம் லேசாக இருக்கும், அதற்கு அம்மாவிடம் தனியாக அடி கிடைக்கும். ஈரக்குடை வாசனை, மல்லிப்பூ வாசனை, வாடகைக்கு எடுத்த ஆர்மோனியத்தின் பழைய மர வாசனை எல்லாம் கலந்து வரும். இப்போதும் நனைந்த குடை ஒன்றை முகர்ந்தால் எனக்குப் பாட்டுப் புத்தகம் தேடக் கை போகிறது.

முன்னால் ஒரு மரத்தாங்கியில் பெரிய வேதப் புத்தகம் இருக்கும். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும்தான் அதைத் தூக்க வேண்டும். நடுவில் ஊதா நிற ரிப்பன் ஒன்று தொங்கும். ஒருகாலத்தில் நல்ல ஊதாவாக இருந்திருக்கும், எனக்குத் தெரிந்து அது கத்தரிக்காய்த் தோல் வதங்கின நிறம். அந்த ரிப்பனுக்கு என்ன வேலை என்று நான் அன்றைக்கு யோசித்ததில்லை. கோயிலில் இருந்த பெரியவர்களும் யோசித்ததில்லை என்பது பிறகு தெரியவந்தது.

போதகருக்கு எங்கள் கோயிலோடு சேர்த்து ஐந்து கோயில். ஐந்து வாரத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் முறை வரும். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பாடம் வாசிப்பது, அறிவிப்பு சொல்வது எல்லாமே கோயில் கமிட்டியின் செக்ரட்டரிதான். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஏதோ அரசாங்க ஆபீசில் வேலை. குடும்பம் ஊரில் இருந்தது, இவர் மட்டும் இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நடு வகிடு. அவரைப் பார்த்தாலே பிள்ளைகள் நாங்கள் சம்மணம் போட்டு நேராக உட்காருவோம்.

அவர் பாடம் வாசிப்பதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் நிற்காத ரயில் மாதிரி போகும். எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம் என்று சொல்வது முதல் பெட்டி. "இத்துடன் பாடம் முடிந்தது" என்பது கடைசிப் பெட்டி. நடுவில் என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு இடத்தில்கூடத் தடுக்காது. எத்தனை கடினமான பெயர் வந்தாலும் நாக்கு புரளாது. அதனால் சபையில் அவருக்கு ஏக மரியாதை. "என்னா வாசிப்பு! படிச்சவர் படிச்சவர்தான்" என்பார்கள். அவர் பெருமைக்காகத்தான் அப்படி வாசிக்கிறார் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடையாறு ஆற்றில் தண்ணீர் ஏறி, கரையோரக் குடிசைகளுக்குள் புகுந்தது. அத்தை குடிசையும் அதில் ஒன்று. ஒரு அலுமினியத் தூக்கு, ஒரு ஜமுக்காளம், மாமா வைத்திருந்த சைக்கிள் பம்பு, இவற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமா அதற்கு முந்தைய வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஓட்டியவர். பம்பை எதற்குக் கொண்டுவந்தாள் என்று அம்மா கேட்டதற்கு, "அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும், உனுக்கு இன்னா வந்துச்சு" என்றாள். அந்தப் பம்பு எப்போது எங்கள் வீட்டைவிட்டுப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா செத்தபோது அத்தை அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாளாம், வண்டியைக் கணக்குத் தீர்த்து முதலாளியிடம் விட்டு வந்தாளாம், மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குப் போய்விட்டாளாம். "கல்லு மனசு" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அடுப்படியில் மெதுவாகச் சொல்வாள், அத்தை காதில் விழும் அளவுக்கு மெதுவாக.

எங்களோடு கோயிலுக்கும் வந்தாள். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் வாசிக்கும்போது என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போட்டு விடுவாள். முன்னெல்லாம் ஆர்வமாகக் கேட்பாளாம். மாமா போனபிறகு எதுவும் காதில் ஏறவில்லை என்று அவளே சொன்னாள். "போறேன், குந்துறேன், வர்றேன். பழக்க தோசம்."

ஒரு ஞாயிறு பாடத்தின் நடுவில் அவள் கை என் பின்னலில் அப்படியே நின்றுவிட்டது. பாதிப் பின்னலோடு நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை வாயைத் திறந்தபடி செக்ரட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ரயில் போய்விட்டது. "இத்துடன் பாடம் முடிந்தது" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "டேய், இன்னைக்கு படிச்சாரே, ஜனங்க எல்லாம் அழுதாங்கன்னு ஒரு எடம் வந்துச்சே, யாருடா அவுங்க? எதுக்கு அழுதாங்க?"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது அவர் ஸ்டுடியோவில் கற்றுக்கொண்ட தொழில். "அது… அந்தக் காலத்து ஜனங்கக்கா" என்றார்.

"அது எனுக்குத் தெரியாதா? எதுக்கு அழுதாங்கன்னு கேட்டா…"

அம்மாவைக் கேட்டாள், எதிர்வீட்டு அக்காவைக் கேட்டாள். அப்படி ஒன்று வாசித்ததாகவே யாருக்கும் நினைவில்லை. கடைசியில் என்னிடம் வந்தாள். வீட்டில் இருந்த வேதத்தை எடுத்து எழுத்துக்கூட்டித் தேடினேன். எங்கள் வீட்டில் இருந்தது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சின்னப் புத்தகம், வேதத்தின் பின்பாதி மட்டும் அச்சடித்தது. அத்தை கேட்டது முன்பாதியில் எங்கேயோ இருந்தது. மூன்று சாயங்காலம் தேடி, நான் அழுததுதான் மிச்சம்.

எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அத்தை ஒருநாள் சொன்னாள். "உங்க மாமன் போயி ஒரு வருசமாச்சி. அழுவணும் போலத்தான் கீது. வர மாட்டேங்குது. நெஞ்சுல கல்லு மாதிரி குந்திக்கினு கீது. இங்க இன்னான்னா, ஒரு ஊரு ஜனமே வேதத்தைக் கேட்டுட்டு அழுதுச்சாம். அழுதவங்களுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாங்க இல்ல? அது இன்னா பதில்னு தெரிஞ்சா தேவல." சின்னப் பெண்ணிடம் சொல்கிறோம் என்று அவள் நினைத்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அத்தை எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் என் பின்னலைத் தொடவே இல்லை. பாயை மிதித்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். செக்ரட்டரி ரிப்பனைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்து ரயிலை விட்டார். பாதியில் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். போன வாரத்துப் பாடமே திரும்ப வந்திருந்தது!

எனக்கு அது தெரியவில்லை. கோயிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாசித்தவருக்கே தெரியவில்லை. அத்தைக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் அவள் அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினாள். "நமக்கெல்லாம் புரியலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தொட்டு திருப்பிப் படிக்கிறாரு. நல்ல மனுசன். ஆனா இன்னா, கொஞ்சம் மெதுவா படிச்சா தேவல."

அந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் கதை சேர்ந்துவிட்டது. ஒரு பெரிய மைதானம். ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகள் எல்லாம் விடியலிலிருந்து மத்தியானம் வரைக்கும் நின்றபடியே வேதம் கேட்டார்கள். ஒருவர் மரமேடையில் ஏறி நின்று வாசித்தார். மற்றவர்கள் ஜனங்களுக்கு அர்த்தம் சொன்னார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். அதற்கப்புறம்தான் ரயில் வேகம் பிடித்துவிட்டதாம். பாத்திரம் தேய்க்கப் போகும் வீடுகளில் எல்லாம் அத்தை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். குளத்தங்கரையில் பூ விற்கும் அம்மாவிடம்கூடச் சொன்னாளாம். அந்த அம்மாவும், "அப்பால இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினு வந்து சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. செக்ரட்டரி அதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஆரம்பித்தார். மறுபடியும் அதே பாடம். அத்தை முழங்காலில் எழுந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு கேட்டாள். மைதானம் வந்தது, மேடை வந்தது, அழுகை வந்தது. அடுத்த வரி மழையோடு போய்விட்டது.

அத்தை எழுந்து நின்றாள்.

"இரு நைனா, இரு! கொஞ்சம் நிறுத்து."

ரயில் நின்றது. ஆராதனை நடுவில் ஒரு பொம்பளை வாய் திறந்து பேசி எங்கள் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. பின்னாலிருந்து ஒருவர், "உட்காரும்மா" என்று சீறினார். அப்பா முழித்துக்கொண்டார்.

அத்தைக்கு இதெல்லாம் தெரியவே இல்லை. அவள் செக்ரட்டரியை மட்டும்தான் பார்த்தாள். "கோச்சிக்காத நைனா. எங்களுக்குப் புரியணும்னு நீயும் மூணு வாரமா இதையே படிச்சிக்கினு கீற. நானும் மூணு வாரமா கேட்டுக்கினு கீறேன். அந்த ஜனங்க அழுதாங்களே, அவுங்களுக்கு இன்னா பதில் சொன்னாங்க? அந்த எடம் வந்தா மட்டும் நீ ஓடிப்பூடுற."

யாரோ சிரித்தார்கள். "மூணு வாரமா? என்ன உளறல் இது?" என்று பின்னால் குரல் கேட்டது. செக்ரட்டரியும் புன்னகையோடுதான் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ரிப்பனைப் பார்த்தார். சுவரில் தொங்கிய, எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பாடம் என்று அச்சடித்த காலண்டரைப் பார்த்தார். முகத்தில் புன்னகை அணைந்துபோனது.

விஷயம் இதுதான். எங்கள் கோயிலில் மணி அடிக்கிற ஒரு தாத்தா இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலண்டரைப் பார்த்து ரிப்பனைச் சரியான பக்கத்துக்கு மாற்றி வைப்பது அவர்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று அவர் ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரிப்பன் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று வாரம் ஒரே பக்கத்தை வாசித்தவருக்கும் தெரியவில்லை, கேட்ட எழுபது எண்பது பேருக்கும் தெரியவில்லை. அதுவும் எந்தப் பக்கம்? ஒரு ஊர் ஜனம் காது கொடுத்து வேதம் கேட்ட பக்கம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது.

செக்ரட்டரி அன்றைக்கு நினைத்திருந்தால் அத்தையை அதட்டி உட்கார வைத்திருக்கலாம். எல்லோரும் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை விரலால் தேடிப் பிடித்தார். முதல் தடவையாக மெதுவாக வாசித்தார். துக்கப்பட வேண்டாம், அழ வேண்டாம் என்று அந்த ஜனங்களுக்குச் சொன்னார்களாம். வீட்டுக்குப் போய்க் கொழுமையானதைச் சாப்பிடச் சொன்னார்களாம், இனிப்பானதைக் குடிக்கச் சொன்னார்களாம். வீட்டில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்பச் சொன்னார்களாம்.

"கொழுமைன்னா இன்னா நைனா?" என்றாள் அத்தை.

"கறிம்மா. நல்ல கொழுப்புள்ள கறி" என்றார். சொன்னதும் எதுவோ ஞாபகம் வந்தவர் மாதிரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, எச்சிலை விழுங்கினார்.

அத்தை அதைக் கவனிக்கவில்லை. "அவ்ளோதானா? அழாதீங்க, போய்த் துன்னுங்க, இல்லாதவனுக்கும் குடுங்க. அவ்ளோதானா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அழ ஆரம்பித்தாள். விசும்பல் இல்லை, பெருங்குரல். கூரை மழையையும் மீறி அது கேட்டது. ஒரு வருஷத்து அழுகை. அம்மாதான் முதலில் எழுந்து போனாள். அடக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போனவள் அத்தையைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நடுவில் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "அழாதீங்கன்னு சொல்ற எடத்துலதான் அழுவ வருது, நான் இன்னா பண்ணட்டும்" என்று சொல்ல, அம்மாவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வெளியே கமிட்டிக்காரர்கள் அப்பாவை வளைத்துக்கொண்டார்கள். "உங்க அக்காவைக் கொஞ்சம் அடக்கி வையுங்க. படிச்ச மனுஷனை சபை நடுவுல அவமானப்படுத்திட்டாங்க. மன்னிப்புக் கேட்டாத்தான் அடுத்த வாரம் உள்ளே வரலாம்." அப்பா குடையை விரிக்காமலேயே மழையில் நடந்தார். செக்ரட்டரி அதற்குள் போயே போய்விட்டிருந்தார். கடைசிப் பாட்டின் கடைசி வரி முடியும் முன்னால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். அவமானம் தாங்காமல் ஓடுகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"நான் இன்னாடா தப்பு பண்ணேன்? தெரியாததைக் கேட்டேன்" என்றாள் அத்தை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. வந்து ஒரு வார்த்தை சொல்லிடு."

வேதம் புரிய ஆரம்பித்த வாரத்திலேயே கோயிலுக்குள் வர முடியாமல் போவது அத்தைக்குப் பெரிய விஷயம்தான். மறுபேச்சு பேசாமல் புறப்பட்டாள். அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் செக்ரட்டரியின் அறைக்குப் போனோம். நாலைந்து குடித்தனம் இருந்த வீட்டின் கடைசி அறை. முற்றத்துக்குள் நுழைந்ததுமே கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. அறைக் கதவில் பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே செக்ரட்டரி பனியனோடு தரையில் உட்கார்ந்து, கறுத்துப் போன ஒரு பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பன்னும் டீயும்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துச் சந்தோஷமாக விவரம் சொன்னார். "ஒரே புகை சார். ரூம்ல நெருப்புப் பிடிச்சிடுச்சுன்னு நாங்கதான் பூட்டை உடைச்சோம். பார்த்தா ஸ்டவ் மேல கறிக்குழம்பு!"

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. வாரத்தில் ஆறு நாள் ஓட்டல் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் திரியைச் சின்னதாக வைத்துவிட்டுக் கோயிலுக்கு வருவார். "சரியா ஒண்ணேகால் மணி நேரம் தாங்கும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "பாட்டைச் சுருக்க முடியாது. ஜெபத்தைச் சுருக்கக் கூடாது. பாடம் ஒண்ணைத்தான் வேகமா வாசிச்சுச் சமாளிக்கலாம். வாய் அங்க வாசிக்கும், மனசு பூரா இங்க அடுப்புலதான் கெடக்கும். என்ன வாசிக்கேன்னு எனக்கே தெரியாம மூணு வாரம் வாசிச்சிருக்கேன் பாருங்க. நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா."

அத்தை அவரைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், பன்னைப் பார்த்தாள். அப்பா சொல்லிக் கூட்டிவந்த வார்த்தை எதுவும் அவள் வாயில் வரவில்லை.

"உக்கும். ஒண்ணும் இல்லாதவனுக்குக் குடுத்து அனுப்புங்கன்னு எங்களுக்குப் படிச்சிட்டு, நீ இங்க குந்திக்கினு சட்டியைச் சொரண்டுற" என்றாள். "தோ பாரு நைனா. ஞாயித்துக்கெயமை காலைல கறிய வாங்கியாந்து எங்க வூட்ல குடுத்துடு. வெள்ளனவே எயுந்து நான் ஆக்கி வெச்சிடுறேன். கோயிலு முடிஞ்சதும் தூக்கோட வாங்கிக்கினு போ. ஆனா ஒண்ணு. நீ மெதுவா படிக்கணும்."

அவர் வேண்டாம் என்றார், அதெல்லாம் சரிவராது என்றார், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். அத்தை பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கி, முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கருகல் போய் அடி வெளுத்தபோது அவர் சரி என்று சொல்லியிருந்தார். அன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை. மறுநாள் அத்தை குளத்தங்கரைக்குப் போய்ப் பூக்கார அம்மாவிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டு, ஒரு முழம் இலவசமாகப் பூ வாங்கி வந்தாள்.

அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் இரண்டு வீட்டுக்கான மசாலா அரைபட்டது. கோயிலில் கமிட்டிக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். செக்ரட்டரி அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அத்தைக்கு வழி விட்டார்கள். ரிப்பன் அன்று சரியான பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமையே வந்து அவரே மாற்றி வைத்தாராம்.

பாடத்தை ஆரம்பிக்கும்போது அவருக்கே பழக்கமில்லாமல் தடுமாறியது. இரண்டு இடத்தில் நாக்கு புரண்டது. ஒரு கடினமான வார்த்தை வந்தபோது நிறுத்தி, "அப்படின்னா நம்ம பேச்சுல இதுதான்" என்று அர்த்தம் சொன்னார். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தம்பியைச் சொந்த அண்ணன்மார்களே குழியில் தள்ளி, தூர தேசத்துக்கு விற்றுவிடும் கதை. நான் அதைப் பல தடவை கேட்டிருந்தேன், ஆனால் குழியில் தண்ணீர் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பெண்கள் பக்கம் யாரோ "அடப்பாவிங்களா" என்றார்கள். ஒருவரும் அதட்டவில்லை.

பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை படபடவென்று அடித்தது. செக்ரட்டரி குரலை உயர்த்திப் பார்த்தார். எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நிற்பாள் என்று எனக்கும் ஒரே பரபரப்பு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு இன்னொரு தடவை தலைகுனிவு வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

அப்போது ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சென்றது. என் அப்பா எழுந்து நின்றார். ராத்திரி ஷூட்டிங் முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்திருந்தவர். கண் இரண்டும் சிவந்திருந்தது. தூக்கம் மட்டும் அதில் இல்லை.

"சார், கோச்சிக்காதீங்க" என்றார். "அந்தத் தம்பியைக் கூட்டிக்கினு போனாங்களே, அதுலேர்ந்து இன்னொரு தபா படிங்க. மழைல ஒண்ணும் கேக்கல."